காணாமல் போன பதினான்கு விழுக்காடு

கடிதம் வாழ்த்தோடு தொடங்கியிருந்தது. வாழ்த்தோடு தொடங்கும் அலுவலகக் கடிதம் எதுவும் நல்ல சேதி கொண்டுவந்ததில்லை என்பது பாடகிக்கு நாற்பத்தோரு வயதில் நன்றாகவே தெரியும். அதனால் அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் மேற்கொண்டு படித்தாள்.

எழுதியிருந்தது கலப்பிசைத் தர நிர்ணய வாரியம். சென்ற மாதம் நகர மன்றத்தில் அவள் நடத்திய நிகழ்ச்சியை அளவையாளர்கள் இருவர் நேரில் வந்து அளந்தார்களாம். ஜாஸ் நாற்பது விழுக்காடு, விதிப்படி சரி. மரபு நாற்பத்தாறு விழுக்காடு. விதிப்படி அறுபது இருக்க வேண்டும். ஆக, பதினான்கு விழுக்காடு மரபைக் காணவில்லை. அது எங்கே போயிற்று என்பதைப் பத்து நாளுக்குள் நேரில் வந்து விளக்க வேண்டும். அந்த மரபுக்கு ஆதாரமான நபர் உயிரோடு இருந்தால் உடன் அழைத்து வர வேண்டும்.

இது மூன்றாவது கடிதம். முதலாவது, ஒரு பாட்டின்போது அவள் கண்ணை அதிக நேரம் மூடியிருந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்பதற்காக வந்தது. இரண்டாவது, சாக்ஸபோன் வாசிக்கிற அவள் கணவர் தனக்குரிய இடம் வருமுன்பே சிரித்துவிட்டார் என்பதற்காக. மூன்றாவதற்கு விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அனுமதி அட்டை போய்விடும். ஐந்து வருடத்துக்கு மேடை கிடையாது, மன்றம் கிடையாது, ஒன்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற எந்த அறையிலும் வாயைத் திறக்கக் கூடாது. பாடுவதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் உருப்படியாக வராது. தையல் ஒருமுறை கற்றுப் பார்த்தாள். அந்தச் சட்டையை இன்றுவரை யாரும் போடவில்லை.

முன்பெல்லாம் ஒருத்தர் பாடினால் பிடித்தவர் உட்கார்ந்து கேட்பார், பிடிக்காதவர் எழுந்து போவார். இந்த ஏற்பாட்டில் அதிகாரிகளுக்கு ஒரு வேலையும் இல்லை என்பதை யாரோ ஒரு புண்ணியவான் ஏதோ ஒரு கூட்டத்தில் கண்டுபிடித்துத் தொலைத்தார். மறுவாரமே வாரியம் பிறந்தது. முதலில் ஒரு அறையும் ஒரு மேஜையுமாக இருந்தது, இப்போது மூன்று மாடி. மரபையும் ஜாஸையும் கலந்து பாடுகிறவர்கள் நாட்டில் மொத்தம் நூற்றிருபது பேர். அவர்களை அளப்பதற்கு வாரியத்தில் முந்நூறு பேர்.

அந்தப் பதினான்கு விழுக்காடு எங்கே போனது என்பது பாடகிக்கும் தெரியும், மேளம் அடிக்கிற அவள் தம்பிக்கும் தெரியும். அவர்கள் அம்மா இருபத்தாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைத்தவள். ஒரு கல்லுக்கு இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்பார்கள். ஈர விரிப்பைக் கல்லில் போட்டு மரக்கட்டையால் மாற்றி மாற்றி ஆறு அடி. ஏழாவது எண்ணிக்கையில் இருவரும் குனிந்து விரிப்பைப் புரட்டிப் போட வேண்டும். அடி கிடையாது, சத்தம் கிடையாது. பிறகு மறுபடி ஒன்று. அந்தக் கணக்கில்தான் அந்தப் பெண்கள் பாடுவார்கள். அவர்களுக்கு முன்னால் அதே கல்லில் துவைத்தவர்களும் அதே கணக்கில்தான் பாடினார்கள். அந்தப் பாட்டைத்தான் மகள் எடுத்தாள். மருமகன் அதன்மேல் சாக்ஸபோனை அலைய விட்டார். ஆனால் எவ்வளவு தூரம் அலைந்தாலும் ஏழாவது எண்ணிக்கையில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். மன்றமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஏழில் ஒன்று என்பது நூற்றுக்குப் பதினான்கு. அளவையாளர்கள் கணக்கில் புலிகள்தான்.

மறுநாள் வாரியத்துக்குப் போனாள். நீண்ட தாழ்வாரம், இரண்டு பக்கமும் பெஞ்சு, பெஞ்சு நிறையப் பாட்டுக்காரர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புல்லாங்குழல்காரர் எட்டு மாதமாக வருகிறாராம். வாசிப்புக்கு நடுவே அவர் மூச்சு எடுக்கிற இடம் மரபில் சேருமா ஜாஸில் சேருமா என்று தீர்ப்பாகவில்லை. தீர்ப்பாகும்வரை மூச்சு எடுக்காமல் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜன்னலுக்குப் பின்னால் முத்திரை எழுத்தர் இருந்தார். எந்தத் தாளாக இருந்தாலும் மூன்று பிரதி, பிரதிக்கு இரண்டு முத்திரை. ஆறும் குத்தி முடித்ததும் மூன்று தாளையும் சேர்த்துப் புரட்டிப்போட்டு, பின்பக்கத்தில் மறுபடி ஆறு குத்துவார். நிமிர்ந்து முகம் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அவளிடம் மூன்று படிவங்கள் தரப்பட்டன. முதலாவதில் மரபை எழுத வேண்டும், இரண்டாவதில் ஜாஸை எழுத வேண்டும். மூன்றாவதன் தலைப்பு, "மேடையில் அந்த நேரத்தில் தோன்றுபவை: முன்கூட்டிய விவரம்."

"அந்த நேரத்துல தோணப்போறதை இப்பவே எப்படிங்க எழுதறது?" என்றாள்.

"எல்லாரும் எழுதித்தான் குடுக்கறாங்க," என்று எழுத்தர் ஒரு மாதிரிப் படிவத்தை நகர்த்தினார்.

பேர்போன பியானோக்காரர் ஒருவர் நிரப்பியது. நான்காவது நிமிடம் பத்தாவது விநாடியில் பரவசம், ஐந்தாவது நிமிடத்தில் லேசான சோகம் பதினைந்து விநாடிக்கு என்று எழுதியிருந்தார் பாவம். ஓரத்தில் அளவையாளர் சிவப்பு மையில் குறித்திருந்தார்: "பரவசம் மூன்று விநாடி தாமதம். எச்சரிக்கப்பட்டார்."

விசாரணை நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். இயக்குநர் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூத்த அளவையாளரும் இளைய அளவையாளரும். இருவர் கையிலும் பெருவிரலால் அழுத்துகிற எண்ணும் கருவிகள் இரண்டிரண்டு. இடது கை மரபுக்கு, வலது கை ஜாஸுக்கு.

இயக்குநர் நல்ல மனிதர்தான். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். அம்மாவை அம்மா என்றே கூப்பிட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, தன்னைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார்.

"எனக்கு இசை சுத்தமா தெரியாதும்மா. இந்தப் பதவிக்கு அதுதான் தகுதி. தெரிஞ்சவங்களை உட்கார வச்சா அவங்க பாட்டைக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருப்பாங்க, வேலை எப்படி நடக்கும்? நான் வந்து ஆறு வருஷமாச்சு. ஒரு பாட்டை முழுசா கேட்டதில்ல. ஆனா நாலாயிரம் கோப்பு முடிச்சிருக்கேன்."

அம்மா மரியாதையாகத் தலையாட்டினாள். பிறகு காணாமல் போன பதினான்கு விழுக்காட்டைக் காட்டும்படி கேட்டார்கள். அம்மா காட்டினாள். மேஜை விரிப்பை உருவினாள். கோப்புகள் சரிந்தன. இயக்குநர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை விரிப்பின்மேல் ஊற்றி நனைத்தாள். மேஜையில் கிடந்த அளவுகோல்களில் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, இன்னொன்றை மூத்த அளவையாளர் கையில் கொடுத்து எதிரே நிற்கச் சொன்னாள். அவர் தயங்கினார். எழுபது வயதுக்காரி வேலை ஏவுகிற குரல் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள்தான் தயங்குவார்கள். இரண்டாவது முறை ஏவியதும் நின்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஏழுக்கு அம்மா குனிந்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். மூத்த அளவையாளர் ஏழிலும் ஓங்கி அடித்தார். அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதால் அடி மேஜையில் விழுந்தது, அளவுகோல் உடைந்தது.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வலது கையை நீட்டி மோதிர விரலைக் காட்டினாள். நடுக்கணுவில் மடங்கி, அப்படியே நின்றுபோன விரல்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். எதிர்ல நின்னதும் புதுசு. இவர மாதிரியே ஏழுல அடிச்சிட்டா," என்றாள். "அந்த இடம் காலியா இருக்கறதாலதான் எங்க கையெல்லாம் கையா இருக்கு சார். அது காணாம போகல. அங்கேயேதான் இருக்கு."

இளைய அளவையாளர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரல் தானாக எந்தக் கருவியை அழுத்தலாம் என்று தடவிக்கொண்டிருந்தது.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். "உருக்கமா இருக்கும்மா. ஆனா காலியா ஒரு இடம் கிடக்குதுன்னா அது நிர்வாகத்தோட தோல்வி. நான் எந்த இடத்தையும் காலியா விட்டவன் இல்ல. இந்த மூத்த அளவையாளர் யாருன்னு நினைக்கறீங்க? என் மச்சினன்தான். ஆள் கிடைக்கலைன்னு சும்மா விட்டேனா?"

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டது. ஏழாவது எண்ணிக்கையில் ஏற்கத்தக்க ஓர் ஒலி எழுப்பப்பட வேண்டும். எழுப்பாவிட்டால், அடுத்த நிகழ்ச்சியில் அளவையாளர் ஒவ்வொரு ஏழிலும் மேஜை மணியை அடித்துக் குறையைப் பதிவு செய்வார். பத்துக் குறை சேர்ந்தால் அட்டை அந்த இடத்திலேயே பறிமுதல்.

வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சாக்ஸபோன்காரர் சண்டை சச்சரவு பிடிக்காதவர். எத்தனையோ விட்டுக்கொடுத்திருக்கிறோம், இதையும் கொடுத்துவிட்டால் என்ன என்றார். ஏழில் சின்னதாக ஒரு தாளம், காதில் விழுந்தும் விழாமலும் ஒரு ஒலி, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஐந்து வருடம் வாய் மூடி இருப்பதைவிட ஒரு சின்ன ஒலி தேவலைதானே என்று பாடகிக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

ஒத்திகை பார்த்தார்கள். தம்பி ஆறு அடித்துவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த கைத்தாளத்தை லேசாகத் தட்டினான். மூன்று சுற்று போனது. பாட்டு ஓடியது, ஆனால் கால் சுளுக்கிய ஆள் மாதிரி ஓடியது. பாடகி பல்லைக் கடித்துக்கொண்டு பாடினாள். நான்காவது சுற்றில்தான் தற்செயலாக அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா சுவரோரம் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பாட்டை அவள் கவனிக்கவேயில்லை. ஆனால் ஏழில் தாளம் விழும்போதெல்லாம் அவளுடைய வலது கை வெடுக்கென்று மடிக்குள் போய் ஒளிந்தது. பிறகு வெளியே வந்து தைத்தது. மறுபடி தாளம், மறுபடி கை உள்ளே. அவளுக்கே அது தெரியவில்லை.

பாடகி பாட்டை நிறுத்தினாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"தாளத்தை எடுத்து உள்ள வைடா தம்பி," என்றாள். "ஏழு காலியாத்தான் இருக்கும்."

"மணி அடிப்பாங்கக்கா."

"அடிக்கட்டும்."

சாக்ஸபோன்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்த முகத்தோடு வாதாடி ஜெயித்ததில்லை. வாத்தியத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

அன்றே மூன்றாவது படிவத்தை நிரப்பினாள். மேடையில் அந்த நேரத்தில் தோன்றுபவை என்ற தலைப்புக்குக் கீழே, "ஏழாவது எண்ணிக்கையில் ஒன்றும் தோன்றாது. மற்றது அப்போது தெரியும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்தர் மூன்று பிரதியிலும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். படித்துப் பார்ப்பது அவர் வேலையில் சேர்ந்ததல்ல.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எண்ணூறு பேர் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் அளவையாளர்களுக்குத் தனி மேஜை, மேஜைமேல் பளபளவென்று ஒரு மணி. அதே வரிசையில் இரண்டு நாற்காலி தள்ளி அம்மா. இயக்குநர் வரவேற்புரை ஆற்றினார். இந்த வாரியம் மட்டும் இல்லாவிட்டால் மக்கள் எதைக் கேட்டு மகிழ்கிறோம் என்றே தெரியாமல் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள் என்றார். கைதட்டல் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, தனக்கு இசை ஒத்துக்கொள்ளாது என்று காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதல் மூன்று பாட்டுகள் தொந்தரவில்லாமல் போயின. நான்காவது, சலவைப் பாட்டு. தம்பி ஆறு அடித்தான். ஏழு காலி. மூத்த அளவையாளர் மணியை அடித்தார். ணங்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். புதுமாதிரி வாத்தியம் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். இரண்டாவது ணங். மூன்றாவது. ஐந்தாவதில் சாக்ஸபோன் தடுமாறியது. ஆறாவதில் தம்பியின் கை இடறியது. மணி மட்டும் இடறவில்லை. அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாகச் சரியான இடத்தில் அடித்துக்கொண்டிருந்தார், அது அடிக்கவே கூடாத இடம் என்பதுதான் விஷயம்.

ஒன்பதாவது ணங் விழுந்ததும் பாடகி கையைத் தூக்கினாள். எல்லாம் நின்றது. ஒலிவாங்கி அருகே வந்தாள்.

"இன்னொரு மணி அடிச்சா நான் அஞ்சு வருஷம் பாட முடியாது," என்றாள். "இது ரெண்டு பேர் நின்னு துணி துவைக்கிற கணக்கு. ஆறு அடி. ஏழுல கை துணிக்கடியில இருக்கும். அதனால யாரும் அடிக்க மாட்டாங்க. எங்கம்மா விரல் ஒண்ணு அந்த இடத்துலதான் போச்சு. அங்க அடிக்கச் சொல்றாங்க. நான் அடிக்க மாட்டேன். அவ்வளவுதான். தம்பி, முதல்ல இருந்து."

தம்பி தொடங்கினான். இந்த முறை மேளம் தனியாக இல்லை. பின்வரிசையில் யாரோ நாற்காலிக் கையில் தட்டினார்கள், பிறகு அந்த வரிசை முழுவதும், பிறகு எண்ணூறு பேர். ஒன்று, இரண்டு, மூன்று. மூத்த அளவையாளர் கையை ஓங்கினார். நான்கு, ஐந்து. அம்மா எழுந்தாள். அவசரமில்லாமல் இரண்டு நாற்காலியைக் கடந்து போனாள். ஆறு. மேஜைமேல் குனிந்து, விரிப்பைப் புரட்டக் குனிகிற அதே குனிவு, கோணல் விரலோடு அந்தக் கையை மணியின்மேல் வைத்தாள்.

ஏழு.

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. எண்ணூறு கைகளும் அந்தரத்தில் நின்றன. கதவோரம் நின்ற காவலாளி இருமலை அடக்கிக்கொண்டார். அந்த மன்றத்தில் அவ்வளவு சத்தமில்லாத சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. பிறகு ஒன்று விழுந்தது, கூரை அதிர விழுந்தது, பாடகியின் குரல் அதன்மேல் ஏறிப் போனது.

அம்மா கையை எடுக்கவில்லை. பாட்டு இன்னும் பதினொரு நிமிடம் நடந்தது. மூத்த அளவையாளர் நான்கைந்து முறை ஓங்கிப் பார்த்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார். இளைய அளவையாளர் எண்ணும் கருவி இரண்டையும் சட்டைப்பையில் போட்டுவிட்டு நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தார். நடு நடுவே பிசகினார், ஆனால் ஏழில் ஒருமுறைகூடப் பிசகவில்லை.

எட்டாம் நாள் கடிதம் வந்தது, வாழ்த்தோடு. குறை ஒன்பது. பத்தாவது குறை, குறை பதிவு செய்யும் கருவியின்மேல் ஒரு கை இருந்தபடியால் பதிவாகவில்லை. அந்தக் கை மரபில் சேருமா ஜாஸில் சேருமா என்று ஆராய நிபுணர் குழு அமைக்கப்பட்டுள்ளது. குழு அறிக்கை தரும்வரை அனுமதி அட்டையை நேரில் ஒப்படைக்கவும்.

அம்மா கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, கையை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். "நிபுணரே வரட்டும், காட்டறேன்," என்றாள். பிறகு, எப்போது போகலாம் என்று கேட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் அதே பெஞ்சு, அதே ஆட்கள். புல்லாங்குழல்காரருக்கு ஒன்பதாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. பாடகி ஜன்னலில் அட்டையை வைத்தாள். எழுத்தர் ஒப்படைப்புப் படிவம் மூன்று பிரதியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அட்டை இல்லாம பாடக் கூடாதுன்னு தெரியும்ல?"

"தெரியும். வர்ற ஞாயித்துக்கிழமை பாடறோம். குடும்பத்தோட வாங்க."

எழுத்தர் அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து முத்திரையை எடுத்தார். குத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. மூன்று தாளையும் சேர்த்துப் பிடித்துப் புரட்டினார். மறுபடி ஒன்று.

அம்மா மகளின் முழங்கையைப் பிடித்தாள். "பாப்பா, இவருக்கும் வருது பாரு," என்றாள்.

பாடகிக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக இந்தக் கட்டடத்தின் ஜன்னலில் அந்த மனிதர் அதையேதான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று மாடியில் முந்நூறு பேர் உட்கார்ந்து எண்ணியும் ஒருவருக்கும் அது காதில் விழவில்லை.

அம்மா ஜன்னல் பலகையில் விரலால் தட்டிக்கொண்டே மெல்லப் பாட ஆரம்பித்தாள். மகள் சேர்ந்துகொண்டாள். எழுத்தர் நிறுத்தவில்லை. பக்கத்தில் குவிந்து கிடந்த தாள்களில் அடுத்த கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். புல்லாங்குழல்காரர் உறையிலிருந்து குழலை எடுத்தார். ஆறு எண்ணிக்கைக்கு வாசித்து, ஏழில், ஒன்பது மாதத்துக்குப் பிறகு, நிம்மதியாக மூச்சு எடுத்தார். தாழ்வாரத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருந்தார்கள்.

மேலே மூன்றாவது மாடியில் இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார். யார், எந்த வகை, எத்தனை விழுக்காடு என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார். தாழ்வாரத்துக் கதவைப் படாரென்று திறந்தார்.

ஏழு.

முப்பது பேர் வாய் மூடி, கையை உயர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. குற்றம் என்று எழுதிக்கொள்ள ஒன்றுமே இல்லை. இயக்குநர் திருதிருவென்று விழித்துவிட்டு, கதவை ஓங்கிச் சாத்தினார்.

அது சரியாக ஒன்றில் விழுந்தது.